இரண்டு பானையிலும் ஒரே சீனி

1

ஈக்களுக்குச் சமைக்கத் தொடங்கி இந்தச் சித்திரையோடு எனக்குப் பதினான்கு வருஷம் முடிகிறது. ஊரில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் பல்கலைக்கழகத்தில் சமையல் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். பெடியன் பெட்டையளுக்குச் சோறு கறி ஆக்குகிறேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. பேசாலையில் பிறந்து, பத்து வயதில் வள்ளமேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் வளர்ந்து, கலியாணம் கட்டி ஜேர்மனிக்கு வந்த ஒருத்தி, கடைசியில் ஈக்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள் என்று சொல்ல எனக்கே ஒருமாதிரி இருந்தது.

உண்மையில் அது கஞ்சிதான். சோளமா, ஈஸ்ட், சீனி, தண்ணீர். இறுகுவதற்கு அகர். எங்கள் கடலில் வலையில் சிக்கினால் உதறி எறிகிற பாசி இனம் ஒன்றிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள் என்று இங்கே வந்தபிறகுதான் அறிந்தேன். எல்லாவற்றையும் பெரிய பானையில் கிண்டி, ஆறவிட்டு, சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் விரலளவு ஊற்றிப் பஞ்சடைத்து மேல்மாடிக்கு அனுப்புவேன். அங்கே அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கிற அதே பழ ஈக்கள், ஆயிரக்கணக்கில், குப்பிகளுக்குள் முட்டையிட்டுப் புழுவாகிக் கூடுகட்டி மறுபடி ஈயாகின்றன. படித்தவர்கள் அவற்றை எண்ணுகிறார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "குடும்பத்தில் சீனி உண்டா?" என்று வைத்தியர் ஜேர்மனில் கேட்டார். இதென்ன கேள்வி என்று நினைத்து, வீட்டில் இரண்டு கிலோ அளவில் இருக்கும் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அவர்களும் எங்களைப்போலச் சலரோகத்தை, அதுதான் நீரிழிவை, சீனி என்றுதான் சொல்கிறார்கள் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் விளங்கியது. படிவத்தில் 'இல்லை' என்று எழுதியாயிற்று. என்னைப் பெற்ற ஐயா அந்த வருத்தத்தில்தான் முகாமில் செத்தார். அண்ணனுக்கும் அப்போதே அது வந்துவிட்டது. திரும்பிப் போய்த் திருத்த எனக்குப் பாஷையும் இல்லை, துணிவும் இல்லை.

2

லேனா எங்கள் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவள். இருபத்தெட்டு வயதிருக்கும். மற்றவர்கள் குப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவள் மட்டும் கீழே வந்து, நான் பானை கழுவும்வரை நின்று கதைத்துவிட்டுப் போவாள். தன் வேலை என்னவென்று ஒருநாள் எனக்கு விளங்கவைத்தாள்.

ஈயின் உடம்பில் ஒரு மரபணு இருக்கிறதாம். மிகப் பழைய காலத்தில் அது தன்னைத்தானே இன்னொரு தரம் எழுதிக்கொண்டு, இப்போது அடுத்தடுத்து இரண்டாக நிற்கிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. சாப்பாட்டில் சீனி வந்தால் அதை எப்படிச் செலவழிப்பது, எப்படிச் சேமிப்பது என்று உடம்புக்குச் சொல்வது. புழு வளர்ந்து கூடுகட்டுகிற காலத்திலும் இவற்றுக்குப் பங்கு உண்டாம். லேனா இந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்ட ஈக்களை வளர்த்தாள். மிஞ்சின ஒன்று தனியே சமாளிக்குமா என்பதுதான் அவளுடைய கேள்வி.

"சமாளிக்கிறதா?" என்று கேட்டேன்.

சீனி குறைந்த சாப்பாட்டில் வளர்ந்தால் சமாளிக்கிறது, அந்தப் புழுக்கள் கூடுகட்டி ஈயாகிப் பறக்கின்றன என்றாள். சீனி கூடினால் முடிவதில்லை, புழுவாகவே நின்று செத்துப்போகின்றன என்றாள். அந்த இரண்டு சாப்பாட்டையும் காய்ச்சுகிறவள் நான். ஒரு பானையில் பெயருக்குக் கொஞ்சம் சீனி, மற்றப் பானையில் அதைப்போலப் பல மடங்கு. இறுகினபிறகு பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பானையில் ஒட்டியிருக்கும் துண்டில் நான் எழுதுகிற எழுத்துத்தான் வித்தியாசம்.

3

அன்று சனிக்கிழமை. கட்டிடத்தில் ஆட்கள் குறைவு என்பதால் லேனாவின் சாப்பாட்டை நான் சனிக்கிழமைகளில்தான் காய்ச்சுவேன். இரண்டு பானையும் அடுப்பில் இருந்தன. அகரும் சோளமாவும் போட்டாயிற்று. சீனி நிறுக்கப் போகிற நேரம் ரெலிபோன் அடித்தது. இலங்கை இலக்கம்.

பேசியது செல்வராணி அக்கா. முகாமில் எங்களுக்கு அடுத்த குடிசையில் இருந்தவர். திரும்பிப் போனபிறகு இலுப்பைக்கடவையில் அண்ணனுக்குப் பக்கத்து வளவில் இருக்கிறார். என் அண்ணன் மரியதாஸ் பேசாலைக்குத் திரும்பவில்லை. முகாமிலேயே கலியாணம் கட்டி, மனைவியின் ஊரான இலுப்பைக்கடவையில் குடியேறிக் கடலுக்குப் போனார். அண்ணி இறந்து நான்கு வருஷம். ஒரே மகன் கட்டாரில். வீட்டில் அண்ணன் தனி.

"ஜெசி, பதறாதை. கொண்ணற்றை காலை எடுத்துப்போட்டினம்."

அண்ணனின் எந்தக் கால் என்று கேட்டேன். எடுத்தபிறகு எந்தக் காலாக இருந்தால் என்ன என்று அப்போது தோன்றவில்லை. இடது கால், முழங்காலுக்குக் கீழே என்றார். எப்போது என்றேன். போன செவ்வாய்க்கிழமை. நான்கு நாளாகியிருந்தது. தங்கச்சிக்குச் சொல்லக்கூடாது என்று அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை முறித்துவிட்டுத்தான் கதைக்கிறேன் என்று அக்கா அழுதார்.

காயம் பட்டது இரண்டு மாதத்துக்கு முந்தி. வலை இழுக்கும்போது சிப்பி வெட்டியிருக்கிறது. கால் முன்பே மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வெட்டியது தெரியவில்லை. கண்டபிறகும், உப்புத் தண்ணி எல்லாத்தையும் ஆற்றும் என்று அதே காலோடு கடலில் இறங்கியிருக்கிறார். மாத்திரையை நினைத்த நாளில் போட்டிருக்கிறார். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, பனங்கட்டிதான் கடிப்பேன், பனங்கட்டி சீனி இல்லைத்தானே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். மன்னார் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது கால் கறுத்துவிட்டிருந்தது.

நான் பானைகளிடம் திரும்பி வந்தபோது ஒன்று பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. துடைத்தேன். சீனியை நிறுத்தேன், கொட்டினேன், மறுபடி நிறுத்தேன், கொட்டினேன். குப்பிகளில் ஊற்றினேன். துண்டில் தேதியும் அளவும் என் பெயரின் முதலெழுத்தும் எழுதினேன். எல்லாம் என் கைகள் பதினான்கு வருஷப் பழக்கத்தில் செய்தவை. நான் அங்கே இல்லை.

4

அண்ணனோடு கதைத்தேன். ஓம், ஒண்டும் இல்லை, சின்ன விஷயம் என்றார். ஊன்றுகோல் தந்திருக்கிறார்கள், பொய்க்காலுக்கு எழுதியிருக்கிறது என்றார். அதன்பிறகு இங்கே குளிரா என்று கேட்டார். மகள் நிஷாவுக்கு நான் சொல்லவில்லை. அவள் வேறு நகரத்தில் படிக்கிறாள், பரீட்சை நேரம். அவளுடைய தகப்பனும் நானும் பிரிந்து ஒன்பது வருஷமாகிறது, அந்தச் சுமையே அவளுக்குப் போதும் என்று நினைத்தேன். அதைவிட, மாமாவைப் பற்றிச் சொன்னால் அவள் எந்த மாமா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

இரண்டு கிழமை கழித்து லேனா கீழே வந்தாள். வந்தவள் கதைக்கவில்லை, கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றாள். குறைந்த சீனிக் குப்பிகளிலும் புழுக்கள் செத்துவிட்டன என்றாள். சாதாரண ஈக்களின் புழுக்கள் அதே சாப்பாட்டில் உயிரோடு இருக்கின்றன, அதனால் சாப்பாட்டில் பிழையில்லை என்றாள். அப்படியென்றால் மிஞ்சின மரபணு சமாளிக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தான் கண்டதெல்லாம் தற்செயல். பேராசிரியருக்கு அப்படித்தான் எழுதப்போகிறாள்.

"நல்லா வரும், பார்" என்றேன். இந்த நாட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல் அது.

அடுத்த கிழமை சீனி மூட்டை முடிந்தது. மாதக் கடைசிவரை வரவேண்டிய மூட்டை. வெறும் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் எடுத்திருக்க முடியாது, அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம். அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை கண்ணுக்குள் வந்தது. இரண்டு தரம் நிறுத்தேன். இரண்டு தரமும் தராசில் ஒரே இலக்கம், பெரிய இலக்கம். குறைந்த சீனிப் பானைக்கும் கூடின சீனியைக் கொட்டியிருக்கிறேன். சாதாரண ஈக்கள் அந்தச் சீனியைத் தாங்கிக்கொண்டன. லேனாவின் ஈக்களால் முடியவில்லை. அவள் கண்டுபிடித்தது சரி. என் கைதான் அதைப் பிழையாக்கியது.

சொல்லவில்லை. இரண்டு நாள் சொல்லவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

காரணம் ஒன்று இருந்தது. குடியுரிமைக் கந்தோரில் என் விண்ணப்பம் ஏழு மாதமாகக் கிடந்தது. பிறப்புச் சான்றிதழில் யசிந்தா என்றும் முகாம் அட்டையில் ஜெசிந்தா என்றும் இருக்கிறது. இவர்கள் இருவரும் ஒருவர்தானா என்று கேட்டார்கள். ஒருவர்தான் என்று நான் சொன்னது போதவில்லை, மன்னார் அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் எடுத்து, மொழிபெயர்த்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். இனி வேண்டியது ஒரேயொரு தாள். என் வேலை நிரந்தரம் என்று பல்கலைக்கழகம் தரவேண்டிய கடிதம். அந்தக் கிழமைதான் அதைக் கேட்டு எழுதியிருந்தேன். இந்த நேரம் போய், உங்கள் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் நான் என்று எப்படிச் சொல்வது? யாருக்குத் தெரியப்போகிறது? துண்டில் எழுத்துச் சரியாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, லேனா பழைய குப்பிகளைத் தட்டில் அடுக்கிக் கழுவுவதற்குக் கொண்டுவந்து வைத்தாள். அடியில் புழுக்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. அவள் முகத்தில் நித்திரை இல்லை. படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன் என்றாள்.

"லேனா, இரண்டு பானையிலும் ஒரே சீனி. நான்தான் போட்டேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. என் ஜேர்மனில்தான் ஏதோ பிழை என்று நினைத்தாள். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னேன். சாக்கைக் காட்டினேன். எந்தத் தேதி, எந்தப் பானை, நிச்சயமா என்று மூன்று கேள்வி கேட்டாள். பிறகு வெளியே போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தாலும் பரவாயில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

5

பேராசிரியர் ஏசவில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எழுத்தில் தரவேண்டும், ஆய்வுக் குறிப்போடு சேர்க்கவேண்டும் என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எழுதுவதுதான் பயம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த நிஷாவை மேசையில் இருத்தி, நான் சொல்லச் சொல்ல நல்ல ஜேர்மனில் எழுதச் சொன்னேன்.

பாதி எழுதியதும் நிறுத்தினாள். 'ஏன்' என்ற இடம் வெறுமையாக இருக்கிறது என்றாள். ரெலிபோன் வந்தது என்று எழுது என்றேன். யாருடைய ரெலிபோன், அப்படி என்ன செய்தி, பதினான்கு வருஷம் பிழைவிடாத ஆள் ஏன் பிழைவிட்டார் என்று அவர்கள் கேட்பார்களே என்றாள். அவள் பேனையை வைத்தாள்.

சொன்னேன். சிப்பி வெட்டியது, உப்புத் தண்ணி, பனங்கட்டி, செவ்வாய்க்கிழமை, எல்லாம்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று தமிழில் கேட்டாள். கோபம் வந்தால் ஜேர்மனுக்குப் போகிறவள், அன்று தமிழில் கேட்டாள்.

"உனக்கு அவரைத் தெரியாதேயம்மா."

"தெரியப் பண்ணியிருக்கலாம்."

அவள் ஐந்து வயதில் ஒருதரம் ஊருக்கு வந்தவள். வெயிலில் கொப்புளம் போட்டு அழுதாள் என்று பிறகு நான் கூட்டிப்போகவில்லை. ரெலிபோனில் அண்ணன் அவளைக் கேட்டால், படிக்கிறாள், நித்திரை, வெளியே போய்விட்டாள் என்பேன். அவளுடைய தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார் என்று எனக்கு வெட்கம். பிள்ளை என்னைவிட்டு விலகிப் போகிறாள் என்று வருஷக்கணக்காக எல்லோருக்கும் குறைசொல்லித் திரிந்தேன். அவள் எங்களிடம் திரும்பி வரக்கூடிய வழிகளில் ஒன்றை நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

கடைசியில் அவள் எழுதியது இரண்டு வரி. 'சமைத்துக்கொண்டிருந்தபோது, சகோதரரின் கால் சலரோகத்தால் வெட்டப்பட்ட செய்தி வந்தது. அதன்பின் இரண்டு பானையிலும் ஒரே அளவு சீனி இடப்பட்டது.' கையெழுத்து வைத்தேன்.

லேனா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மறுபடி சமைக்கும் நாள் மட்டும் வந்து, கதிரையை இழுத்துப்போட்டுத் தராசுக்கு முன்னால் இருந்தாள். நான் நிறுக்க, அவள் இலக்கத்தைப் பார்த்துத் துண்டில் தானும் கையெழுத்து வைத்தாள். இப்போது அது எங்கள் ஆய்வுகூடத்தில் சட்டம். நான் எழுதிக் கொடுத்ததை அவள் படித்திருந்தாள் போல. போகும்போது, அண்ணனுக்கு மற்றக் கால் எப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மற்றக் காலைப் பற்றி நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

பத்து நாளில் ஒரு குப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். குறைந்த சீனிக் குப்பி. கண்ணாடியில் பழுப்பு நிறக் கூடுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. சில கூடுகள் ஏற்கெனவே வெடித்து, மேலே பஞ்சுக்குக் கீழே ஈக்கள் நடந்துகொண்டிருந்தன. இருவரும் குனிந்து பார்த்தோம். வேலைக் கடிதம் அடுத்த மாதம் சாதாரணத் தபாலில் வந்தது.

6

ஆவணியில் லீவு எடுத்து ஊருக்குப் போனேன். நிஷாவுக்குப் பரீட்சை மிச்சம் இருந்ததால் வரவில்லை. மன்னாரிலிருந்து பஸ் திருக்கேதீஸ்வரத்துக்குத் திரும்புகிற சந்தி தாண்டி, வடக்கே கடற்கரைப் பாதையில் ஓடியது. அதே பஸ்தான் வெள்ளாங்குளத்துக்கும் போகிறது. இலுப்பைக்கடவையில் இறங்கி நடந்தேன். அண்ணன் படலையில் ஊன்றுகோலோடு நின்றார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் இடப்பக்கம் வெறுமையாக ஆடியது. அதைப் பார்க்கக்கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், அதைத்தான் முதலில் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டபிறகு என் வேலையைப் பற்றிச் சொன்னேன். மாணவர்களுக்குச் சமைக்கவில்லை, ஈக்களுக்குச் சமைக்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடலோடு வாழ்ந்தவர், புழு பூச்சியைப் பற்றிக் கேட்க அவருக்குப் பிடிக்கும். இரண்டு மரபணு, ஒன்று போனால் மற்றது சீனி கூடாதவரை சமாளிக்கும் என்பதையெல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரிச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமையையும் சொன்னேன்.

"அப்ப அந்தப் பூச்சியளுக்குச் சீனி அளந்து போட ஒரு ஆள் இருக்கு" என்றார்.

குத்திச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழும்பிப் போய், கிணற்றடியில் சட்டி நிறையத் தண்ணி அள்ளிக்கொண்டு வந்து, அவருடைய வலது காலைக் காட்டச் சொன்னேன். விடு, பேந்து பார்ப்பம் என்றார். விடவில்லை. குதிக்காலில் விரல் நுழைகிற வெடிப்பு ஒன்று இருந்தது. அதற்குள் மண். நான் கழுவும்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

"ஆழமோ?" என்று மட்டும் கேட்டார்.

விடியக் காலை முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று தாதி வெடிப்பைத் துப்புரவாக்கி மருந்து கட்டினார். வயது குறைந்த பிள்ளை, நிதானமாகக் கதைத்தார். இந்தக் காலை ஒவ்வொரு நாளும் யாராவது பார்க்கவேண்டும், அவருடைய கண்ணுக்குக் குதிக்கால் எட்டாது, உணர்ச்சியும் இல்லை, நீங்கள் போனபிறகு யார் பார்ப்பது என்று என்னைக் கேட்டார். அண்ணன் நிலத்தைப் பார்த்தார். செல்வராணி அக்கா இருக்கிறா என்று நான் இழுத்தேன். அக்காவுக்கே இப்போது கண் புகைச்சல்.

அன்று பின்னேரம் ரெலிபோனில் நிஷாவிடம் இதைச் சொன்னேன். ஒளிப்பதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிவெடுத்திருந்தேன். அவள் யோசித்துவிட்டு, மாமாவிடம் கமெராப் போன் இருக்கிறதா என்று கேட்டாள். மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய போன் ஒன்று அலுமாரிக்குள் பெட்டியோடு கிடந்தது. அதை எடுத்து, எப்படித் திறப்பது, எங்கே அழுத்துவது என்று அண்ணனுக்குப் பழக்கினேன். பிறகு நிஷாவுக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தேன்.

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன் போட்டிருந்த சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சுகமா பிள்ளை, படிப்பெல்லாம் எப்பிடி என்று ஆரம்பித்தார். அவளுக்குச் சுற்றிவளைத்துக் கதைக்கிற தமிழ் தெரியாது. எழுதி வைத்துப் படித்தாளோ என்னவோ, நேரே சொன்னாள்.

"மாமா, ஒவ்வொரு நாளும் எனக்கு நீ உன்ரை காலைக் காட்டோணும். பொய் சொல்லக்கூடாது."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஜேர்மனில் வீட்டாட்கள் எல்லோரையும் அழைக்கிற ஒரே சொல்லை அவள் அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மாமாவை 'நீங்கள்' என்றுதான் சொல்லவேண்டும் என்று குறுக்கே போய்த் திருத்தப் பார்த்தேன். அண்ணன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"விடு. அம்மா போனபிறகு வீட்டுக்குள்ளை என்னை நீ எண்டு சொல்ல ஆளில்லை. சொல்லட்டும்."

பிறகு இருந்த கதிரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையிலிருந்த போனைக் கீழே கொண்டுபோய், மருந்து கட்டிய வலது குதிக்காலைத் திருப்பி அவளுக்குக் காட்டினார்.